மிட்டாய் அல்ல, பூ

மூலிகைத் தேநீர்ப் பெட்டிகளுக்கான ஜெர்மன் வாசகங்களை ஆங்கிலமாக்கும் வேலை. மற்றதெல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. கெமோமைல் (சீமைச்சாமந்தி) பெட்டியின் ஒரு வரி மட்டும் மூன்று நாளைத் தின்றது: 'கைனெ ஒல்லன் கமெல்லன்!'

ஜெர்மனியின் கொலோன் நகரக் கார்னிவல் ஊர்வலத்தில் கூட்டத்துக்கு வீசும் மிட்டாயின் பெயர் 'கமெல்ல'. அதை நம்பி 'பழைய மிட்டாய் இல்லை' என்று எழுதிவிட்டேன். தேநீர்ப் பெட்டியில் மிட்டாய்க்கு என்ன வேலை? அகராதி அந்தத் தொடருக்குப் 'பழங்கதை' என்றது. சரி என்று 'ஓல்டு ஹாட்' (சொல்லுக்குச் சொல் 'பழைய தொப்பி', பொருள் அரதப்பழசு) போட்டேன். பொருள் வந்தது, மூலிகை போனது. அலுத்த ஜோக்கைச் சொல்லும் 'ஓல்டு செஸ்ட்நட்' போட்டால் கெமோமைல் பெட்டிக்குள் கஷ்கொட்டை!

துப்புக் கொடுத்தது 'ஒல்லெ' (அந்த வரியில் 'ஒல்லன்') என்ற சின்னச் சொல். 'பழைய' என்பதன் வடஜெர்மன் வடிவம் அது. கொலோன் பேச்சில் 'ஆல்' என்பார்கள். அப்புறம் வடஜெர்மன் வட்டார வழக்கில் தேடினால், அங்கே கமெல்லன் என்பதே கெமோமைல் பூ. மிட்டாய்ப் பெயர் கேரமலிலிருந்து வந்தது. ஒலி ஒன்றுதான், உறவு இல்லை. வயிற்றுவலிக்கென்று காயவைத்த பூ நாள்பட்டால் மணமும் குணமும் போய்விடும். அலுத்துப்போன பேச்சுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

இனி தேட வேண்டியது, வாசம் போன மூலிகைக்கும் அலுத்த ஜோக்குக்கும் பொருந்தும் ஒரே ஆங்கிலச் சொல். 'ஸ்டேல்'! 'ஓல்டு ரெமடி, நத்திங் ஸ்டேல்' என்று அனுப்பினேன். திருத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.