செங்கல்லின் வயது வேறு, வீட்டின் வயது வேறு

ஆற்காட்டில் பெரியப்பா வீட்டுப் பின்சுவரில் பூச்சு உதிர்ந்தபோது, விரல் பருமனில் மெல்லிய செங்கற்கள் வெளியே தெரிந்தன. "இது நவாபு காலத்து வீடு" என்று தெருவுக்கே சொல்லிவிட்டார். அடி வரிசையில் இருந்த ஒரு கல்தான் அவரைக் கவிழ்த்தது. நடுவில் பள்ளம், பள்ளத்துக்குள் சூளைக்காரரின் இரண்டு ஆங்கில எழுத்துகள். அன்று 'கர்நாடகம்' எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் பகுதியின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது 1801-இல். எழுத்து பொறித்த அச்சு அதற்குப் பின் வந்த பழக்கம். மேலே இருந்த மெல்லிய கற்கள் எங்கோ இடித்த வீட்டிலிருந்து வந்தவை.

பலரும் சறுக்குவது இங்கேதான். பழைய கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி வைப்பது நம் ஊரில் என்றும் உள்ள சிக்கனம். போதாக்குறைக்கு, மெட்ராஸ் டெரஸ் என்ற மட்டக் கூரை போடுவதற்கென்றே ஏறக்குறைய 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில் அச்சுக்கல் சுட்டார்கள். மர உத்தரங்களின் மேல் அதைச் செங்குத்தாக நிறுத்தி, குறுக்குச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இடும் வேலை இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது. ஆகவே மெல்லிய கல் மட்டும் சாட்சியாகாது. சுவரில் இருப்பதிலேயே இளைய கல்லைத் தேடுங்கள். சுவர் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்தக் கல் பின்னால் ஒட்டுப்போட்டதா, சுவரோடு சேர்ந்தே எழுந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெரியப்பா வீட்டில் அது அடி வரிசை முழுக்க ஓடியது. தப்பிக்க வழியில்லை.

ஒரே கல்லை அளந்து முடிவு கட்டாதீர்கள். சூளையில் நெருப்புக்கு அருகில் இருந்த கல் கூடுதலாகச் சுருங்கும். பத்து வரிசையின் உயரத்தைக் காரையோடு சேர்த்து அளந்து சராசரி எடுங்கள். 19 செ.மீ. நீளக் கல் கிடைத்தால், அது மெட்ரிக் அளவைச் சட்டம் வந்த 1956-க்குப் பிந்தியது என்று பெரும்பாலும் நம்பலாம். 9 அங்குலக் கல் பழையது என்று மட்டும் திருப்பிப் போடாதீர்கள். நாட்டுச் சூளைகள் இன்னும் அங்குலக் கணக்கை விடவில்லை.

எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு என்பார்கள். நாள்பட்ட சிமென்டும் நுரைக்கும். ஆணியால் கீறிப் பாருங்கள்: சுண்ணாம்புக் காரை பொடியாக உதிரும், நல்ல சிமென்ட் அசையாது. வெளிப்பூச்சில் சிமென்ட் இருப்பதால் வீடு புதிது என்றும் ஆகாது. சோதிக்க வேண்டியது கற்களுக்கு நடுவிலுள்ள காரையை.

முகப்பில் சுதையில் எழுதிய ஆண்டு, முகப்பு கட்டிய ஆண்டு, அவ்வளவே. பட்டாவும் நிலத்தைப் பற்றிப் பேசும், சுவரைப் பற்றி அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் நேர்கோட்டு இணைப்பு. ஒரே சமயத்தில் எழுந்த சுவரில் கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு போகும். மேலிருந்து கீழ்வரை காரை ஒரே நேர்கோடாக இறங்கினால், அங்கே முன்பு வாசலோ ஜன்னலோ இருந்திருக்கும். அல்லது ஒரு வீடு முடிந்து இன்னொன்று ஒட்டியிருக்கும். கல் வரிசைகளின் உயரம் திடீரென மாறுகிற இடத்தில் மாடி பின்னால் எழுந்ததா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் பார்க்கக் கூடத்துச் சுவரை உடைத்துவிடாதீர்கள். பரண், படிக்கட்டின் அடி, கிணற்றடிச் சுவர் ஆகியவற்றுக்கு யாரும் ஒழுங்காகப் பூச்சு வைப்பதில்லை. முதலில் அங்கே ஒரு டார்ச்சுடன் போங்கள்.