சாம்பல் விழும் நாளில்

ஜப்பானில் சகுராஜிமா எரிமலையின் அடிவாரத்துக்குக் குடிவந்த புதிதில், கார் கண்ணாடியில் படிந்த சாம்பலை அப்படியே வைப்பர் போட்டுத் துடைத்தேன். முழுக்கக் கீறல்! எரிமலை கக்குவது அடுப்புச் சாம்பல் இல்லை. நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம்தான் துணி. கண்ணில் விழுந்தால் கசக்காமல் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அன்றைக்கு வேண்டாம்.

வாசலில் லேசாக நீர் தெளித்துப் பெருக்குங்கள். சாக்கடையில் மட்டும் தள்ளிவிடாதீர்கள், இறுகி அடைத்துக்கொள்ளும். எங்கள் ககோஷிமா நகராட்சி தரும் மஞ்சள் பையில் கட்டி, தெருவில் குறித்த இடத்தில் வைத்தால் எடுத்துப் போவார்கள். அரைப் பைக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் பையையும் நான்தான் தூக்குவேன். 1914 வெடிப்பு போல மறுபடி வந்தால் படகேறி சகுராஜிமாவைவிட்டுப் போக வேண்டும். ஒத்திகையில் அவர் கையைப் பிடித்து, கூடும் இடம்வரை நடந்து பார்த்துவிட்டோம்.