வான் பாயும் குளத்திலிருந்து ஒரு குறள் வெண்பா

குறள் வெண்பாவுக்கு முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. ஏழே சீர்தானே என்று தொடங்குபவர்கள் தடுமாறுவது எண்ணிக்கையில் அல்ல. ஒரு சீர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில். அதுதான் தளை.

1. அசை பிரியுங்கள். தனிக் குறிலோ தனி நெடிலோ வந்தால் நேர். இரு குறில் இணைந்தாலும், குறிலை அடுத்து நெடில் வந்தாலும் நிரை. பின்னால் மெய் ஒட்டினாலும் மாற்றமில்லை. 'வான்' நேர், 'குளம்' நிரை. 'வரால்' என்பதை வ/ரால் என்று உடைப்பதுதான் வழக்கமான பிழை. அது ஒரே நிரை.

2. சீரை அறியுங்கள். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். கடைசியில் இன்னொரு நேர் கூடினால் காய். நிரை கூடினால் கனி; வெண்பாவில் அது வரக்கூடாது.

3. தளை பாருங்கள். மாவுக்குப் பின் நிரை; விளத்துக்கும் காய்க்கும் பின் நேர். அடி மாறும் இடத்திலும் இதே விதி. பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

4. இனி எழுதலாம். மாரியில், வட இலங்கை வன்னியின் இரணைமடுக் குளம் வான் பாய்கிறது, அதாவது நிரம்பி வழிகிறது என்று வையுங்கள். முதல் வரைவு:

வான்பாய்ந்த நீரில் வராலொன்று துள்ளத்
தான்பாய்ந்து தேடும் வலை

காதுக்குச் சரிதான், தளை தட்டுகிறது. 'துள்ளத்' தேமா, அடுத்து நிரை வேண்டும், வந்திருப்பதோ 'தான்' என்ற நேர். 'துள்ளவே' என்று ஏகாரம் ஒட்டினால் கூவிளமாகித் தப்பும். ஆனால் அந்த 'வே' வெறும் அடைசல். 'துள்ளினால்' என்றாலும் கூவிளம்தான், பொருளும் இறுகும்:

வான்பாய்ந்த நீரில் வராலொன்று துள்ளினால்
தான்பாய்ந்து தேடும் வலை

வான், தான் எதுகை. வன்னியில் விரால் என்போம். 'வான்' என்பதோடு மோனை சேரவே இங்கு வரால்.

5. ஈற்றுச்சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) இவற்றில் ஒன்றாக வேண்டும். 'வலை' மலர். 'வரம்பு' பிறப்பு. 'வலைகள்' என்று முடித்தால் புளிமா, வெண்பா கெட்டது.

பயிற்சிக்கு 'குளக்கட்டில்' என்று தொடங்குங்கள். அது புளிமாங்காய். அடுத்த சீராக எருமை நிற்க முடியாது, மாடு நிற்கலாம்.