பழைய மல்டிமீடியா கைபேசியைத் தேர்ந்தெடுத்து வாங்குவது எப்படி?

2004-க்கும் 2008-க்கும் இடையில் வெளிவந்த மல்டிமீடியா கைபேசிகளை இன்று செகண்ட் ஹேண்டாக வாங்கிப் பயன்படுத்த விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மடித்துத் திறப்பது, மேலே தள்ளித் திறப்பது, லென்ஸ் மூடியை விரலால் ஒதுக்கியதும் கேமராவாக மாறிவிடுவது என்று ஒவ்வொரு மாடலும் தனக்கென ஓர் உருவத்தோடு வந்த காலம் அது. அந்த அழகில் பெரும்பங்கு அசையும் பாகங்களில்தான் இருந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்துப் பழுது முதலில் தலைகாட்டுவதும் அதே பாகங்களில்தான். ஆகவே ஒரு கைபேசி எந்த வேலையை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டதோ அந்த வேலைக்காக அதை வாங்க வேண்டும் என்பதும், அதில் எந்தப் பாகம் அசைகிறதோ அதை முதலில் சோதிக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

பாட்டுக் கேட்பதுதான் நோக்கம் என்றால் சோனி எரிக்சனிலிருந்து தொடங்கலாம். 2005-இல் வந்த டபிள்யூ800ஐ தான் வாக்மேன் பெயரைத் தாங்கிய முதல் கைபேசி. ஆன் செய்யும்போதே, முழுக் கைபேசியாக இயங்க வேண்டுமா, பாட்டு மட்டும் போதுமா என்று அது கேட்கும். பாட்டு மட்டும் என்று தேர்ந்தெடுத்தால் நெட்வொர்க் பகுதி அணைந்தே இருக்கும். அதனுடன் வந்த ஹெட்செட் ஒயரின் நடுவில் 3.5 மி.மீ. இணைப்பு ஒன்று உண்டு. காதில் வைக்கும் பகுதியை அங்கே கழற்றிவிட்டு நமக்குப் பிடித்த ஹெட்போனை மாட்டிக்கொள்ளலாம் என்பதால், பழைய சாமான்களுக்கு நடுவே அந்தக் கீழ்ப்பாதி ஒயர் மட்டும் கிடைத்தாலும் விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்தக் கைபேசியின் ஒலியை அதன் தரத்தில் கேட்க முடியாது, எஃப்.எம். வானொலிக்கும் அந்த ஒயர்தான் ஆண்டெனா.

ஆனால் டபிள்யூ800ஐ-யின் நடுவில் இருக்கும் சிறிய ஜாய்ஸ்டிக் அதன் பெரிய பலவீனம். அடியில் தூசி சேரும்போது ஒரு பக்கம் தள்ளினால் அசையாது, அல்லது நாம் தொடாமலேயே மெனு தானாக ஓடும். 2006-இல் வந்த டபிள்யூ810ஐ-யில் ஜாய்ஸ்டிக்குக்குப் பதிலாக நான்கு பக்கமும் அழுத்தும் பட்டன் வந்தது. பின்புற லென்ஸ் மூடியும் நீக்கப்பட்டது. அசையும் பாகங்கள் குறைந்ததால் தினசரிப் பயன்பாட்டுக்கு டபிள்யூ810ஐ-யையே பரிந்துரைக்கிறேன். வெள்ளையும் ஆரஞ்சுமான டபிள்யூ800ஐ-யின் அழகு அதற்கு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சட்டைப் பையில் கனமே தெரியக் கூடாது என்பவர்கள் 9.9 மி.மீ. தடிமன் மட்டுமே கொண்ட நோக்கியா 5310 எக்ஸ்பிரஸ் மியூசிக்கைப் பார்க்கலாம், அதில் 3.5 மி.மீ. ஹெட்போனை நேரடியாகச் செருகலாம், திரையின் ஓரத்திலேயே பாட்டுக்கான பட்டன்களும் உண்டு.

புகைப்படத்துக்கு என்றால் போட்டி 2006-இல் வந்த இரண்டு கைபேசிகளுக்கு இடையில்தான். நோக்கியா என்73, சோனி எரிக்சன் கே800ஐ இரண்டிலும் 3.2 மெகாபிக்சல் ஆட்டோஃபோகஸ் கேமராதான். என்73-இன் கார்ல் சைஸ் லென்ஸ் பகல் வெளிச்சத்தில் தரும் நிறங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆயினும் கே800ஐ-யில் அசல் கேமராக்களில் இருப்பது போன்ற ஸீனான் ஃபிளாஷ் இருந்தது. என்73-இல் இருந்ததோ எல்.இ.டி. விளக்கு. ஸீனான் ஒளி ஒரு கணத்தில் பளிச்சிட்டு மறைவதால், இரவில் ஓடி ஆடும் குழந்தையும் படத்தில் கலங்காமல் நிற்கும், எல்.இ.டி. வெளிச்சத்தில் அதே குழந்தை மங்கலான கோடாகிவிடும். வீட்டு விசேஷங்களைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் தயங்காமல் கே800ஐ-யை எடுக்கலாம். இரண்டிலும் லென்ஸ் மூடியைத் திறந்தவுடன் கேமரா தானாக இயங்க வேண்டும். இயங்காவிட்டால் அந்தக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோற்றத்துக்காகவே வாங்குவது என்றால் மோட்டோரோலா ரேசர் வி3-க்கு இணையாக ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. 2004-இல் வந்த அதன் தடிமன் 13.9 மி.மீ.; உடல் அலுமினியம். எண்களுக்குத் தனித்தனிப் பட்டன்கள் கிடையாது. ஒரே உலோகத் தகட்டில் கோடுகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். திறந்ததும் அந்தக் கோடுகளின் வழியே நீல ஒளி கசியும். ஆனால் அதில் மெமரி கார்டு போட இடமில்லை, கேமராவும் விஜிஏ அளவுதான், அதாவது வெறும் 0.3 மெகாபிக்சல். பாட்டும் வேண்டும் என்றால் மெமரி கார்டு ஏற்கும் வி3ஐ மாடலைத் தேடுங்கள்.

எல்லாம் ஒன்றில் வேண்டும் என்பவர்களுக்கு 2007-இல் விற்பனைக்கு வந்த நோக்கியா என்95 இருக்கிறது. மேலே தள்ளினால் எண் பட்டன்கள், கீழே தள்ளினால் பாட்டுக்கான பட்டன்கள். 5 மெகாபிக்சல் கேமரா, ஜிபிஎஸ், வைஃபை, டிவியில் இணைத்துப் படம் காட்டும் வசதி என்று அந்நாளில் கனவாக இருந்தவை எல்லாம் அதில் இருந்தன. அதன் 950 எம்ஏஎச் பேட்டரி இத்தனை வேலைக்குப் போதவே போதாது என்பதால், 1200 எம்ஏஎச் பேட்டரியோடு வந்த என்95 8ஜிபி மாடல் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம்.

கடையில் சோதிக்கும் முறைக்கு வருவோம். ஸ்லைடு, மடிப்பு வகைக் கைபேசிகளில் திரையையும் கீழ்ப்பகுதியையும் இணைப்பது மெக்கானிக்குகள் ஸ்ட்ரிப் என்று சொல்லும் மெல்லிய நாடா. திரை எரிந்துகொண்டிருக்கும்போதே மிக மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் திரை மினுக்கினாலோ, வெளுத்தாலோ, கோடு விழுந்தாலோ ஸ்ட்ரிப் தேய்ந்துவிட்டது என்று பொருள். விற்பனையாளர் வேகமாகத் திறந்து காட்டினால் இந்தப் பழுது கண்ணில் படாது, ஆகவே கைபேசியை நீங்களே வாங்கிச் செய்து பாருங்கள். அப்படியே ஓர் அழைப்பும் செய்து, பேசிக்கொண்டே ஸ்லைடை அசைத்தால் ஸ்பீக்கரின் நிலையும் தெரிந்துவிடும்.

பளபளவென்று புதிதாகத் தெரியும் ஹவுசிங்கை, அதாவது வெளிக்கூட்டை, கண்டு மகிழ வேண்டாம். பெரும்பாலும் அது மாற்றப்பட்ட நகல். எழுத்துகளின் அச்சு தடித்திருக்கிறதா, மூடிகளுக்கு இடையே இடைவெளி தெரிகிறதா, பட்டன்கள் அழுத்தும்போது ஒரு பக்கமாகச் சாய்கின்றனவா என்று பாருங்கள். கீறல் விழுந்த அசல் ஹவுசிங்கே எனக்கு மேலானது. *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்), பேட்டரிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இந்தியாவில் வாங்குகிறவர்கள் அந்த எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்த்தால், திருட்டுக் கைபேசி என்று முடக்கப்பட்டதா என்பதும் தெரியும். நோக்கியா என்73, என்95 போன்றவற்றில் *#7370# அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிடலாம். கடவுக்குறியீடு கேட்டால் 12345 என்பதே தொழிற்சாலையில் வைக்கப்பட்ட எண். முன்னவரின் படங்களும் செய்திகளும் உங்களிடம் இருக்க வேண்டியதில்லை.

சிம் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஜியோவின் சிம் இவற்றில் வேலை செய்யாது, ஏனெனில் அந்நிறுவனத்துக்கு 2ஜி, 3ஜி நெட்வொர்க்குகளே இல்லை. இந்தியாவில் ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் சிம்களில் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நடக்கும். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017-லேயும், 3ஜி சேவை அதற்குப் பின்னரும் நிறுத்தப்பட்டுவிட்டதால் அங்குள்ளவர்கள் இவற்றைப் பாட்டுக்கும் படத்துக்கும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, நானோ சிம்மைப் பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துச் செருகினால் உள்ளே எளிதாகப் போகும். வெளியே இழுக்கும்போது சிம் சற்றே விலகி, சட்டத்தின் விளிம்பு உள்ளே இருக்கும் தங்கநிற முள்களில் மாட்டி அவற்றை வளைத்துவிடும். பெரிய அளவிலிருந்து பிரிக்கப்படாத புதுச் சிம்மைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. முடியாவிட்டால், சட்டத்தின் பின்பக்கம் மெல்லிய டேப்பை ஒட்டிச் சிம்மை அசையாமல் நிறுத்துங்கள்.

பேட்டரியைக் கழற்றி ஒரு கண்ணாடி மேசையில் படுக்கவைத்துச் சுண்டிவிடுங்கள். சுழன்றால் அது உப்பிவிட்டது. அதைச் சார்ஜ் செய்யவே கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது. நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரியில், மாட்சுஷிட்டா தயாரித்த 4.6 கோடி பேட்டரிகளை 2007-இல் நோக்கியாவே மாற்றித்தர முன்வந்தது, சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்பதால்தான். எனவே பழைய அசல் பேட்டரியைவிட நம்பகமான கடையில் வாங்கும் புதிய பேட்டரி மேல். நீண்ட நாள் கிடந்த கைபேசி சார்ஜரில் போட்டதும் உயிர் காட்டாவிட்டால் அரை மணி நேரம் பொறுத்திருந்து பாருங்கள். பேட்டரி முற்றிலும் வறண்டிருந்தால் திரை எழுவதற்கு நேரம் பிடிக்கும்.

மெமரி கார்டு வாங்கும்போது 2ஜிபிக்கு மேல் போக வேண்டாம், ஏனெனில் அக்காலத்துக் கைபேசிகள் பலவற்றுக்கு அதைவிடப் பெரிய கார்டுகளின் அமைப்பு புரியாது. என்73-க்கு மினி எஸ்டி, டபிள்யூ800ஐ-க்கு மெமரி ஸ்டிக் புரோ டியூவோ என்று கார்டின் வடிவமும் மாறும். பாட்டுக் கோப்புகளின் பெயரைத் தமிழில் வைத்தால் பல மாடல்களில் கட்டங்களாகத்தான் தெரியும்; ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள். படங்களை எடுக்க, கார்டைக் கழற்றி ரீடரில் போடுவதே எளிது. புளூடூத் வழியாக ஆண்ட்ராய்டு கைபேசிக்கு அனுப்பலாம், ஐபோன் அவற்றை வாங்கிக்கொள்ளாது. இணையத்தை மறந்துவிடுவது நல்லது. இன்றைய தளங்களின் பாதுகாப்பு முறை அந்தப் பழைய பிரவுசர்களுக்குத் தெரியாததால் பெரும்பாலான பக்கங்கள் திறக்கவே மாட்டா.

சில வாரங்கள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பேட்டரியைப் பாதியளவு சார்ஜ் செய்து, கழற்றித் தனியே வையுங்கள். ஸ்லைடு கைபேசியை மூடிய நிலையிலும், கேமராக் கைபேசியை லென்ஸ் மூடி சாத்திய நிலையிலும், ஈரம் படாத பெட்டிக்குள் வைத்தால் போதும்.