மேலவையில் ஒரு நாள்: நியூ சவுத் வேல்ஸ் அவை நடப்பைப் பின்தொடரப் பழகுவது எப்படி?

சிட்னி மெக்வாரி தெருவில் இருக்கும் மாநில நாடாளுமன்றத்துக்கு முதன்முதலாகப் போனபோது, கேள்வி நேரம் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பியிருந்தேன். மேலவையின் பார்வையாளர் மாடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தேன். ஒருவர் எழுந்து கேட்டார், இன்னொருவர் வேறு எதையோ பதிலாகச் சொன்னார், மூன்றாமவர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். சற்று நேரத்தில் கட்டடம் முழுக்க மணி அலறியது. தீப்பிடித்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் இருந்த முதியவர் சிரித்துக்கொண்டே, "உட்காருங்கள், வாக்கெடுப்புதான்" என்றார்.

அன்று நான் செய்த தவறு, தாளைப் படிக்காமல் பேச்சைக் கேட்கப் போனது. இந்த அவையில் எது நடந்தாலும் அது முதலில் ஒரு காகிதத்தில் வரியாக இருந்திருக்கும். அந்த வரியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு நாள் முழுவதையும் வீட்டில் இருந்தபடியே இணைய நேரலையில் பின்தொடரலாம்.

படி 1: தலைகளை எண்ணுங்கள்

மேலவையில் 42 உறுப்பினர்கள். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. ஒருவருடைய பதவிக்காலம் எட்டு ஆண்டுகள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதிப் பேர், அதாவது 21 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். விகிதாச்சார முறை என்பதால் சின்னக் கட்சிகளும் உள்ளே வந்துவிடும். 1999 தேர்தலில் 264 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச்சீட்டு மேசை விரிப்பு அளவுக்குப் போய், பெயரே 'மேசை விரிப்பு' என்று ஆகிவிட்டது.

இப்போது ஒரு சிறு கணக்கு. மேலவைத் தலைவர் சாதாரணமாக வாக்களிப்பதில்லை. இரு பக்கமும் சமமானால் மட்டுமே அவர் வாக்கு. ஆகவே எல்லோரும் வந்திருந்தால் 41 வாக்குகள், வெற்றிக்கு 21. 2023 தேர்தல் முடிந்தபோது ஆளும் லேபர் கட்சிக்கு 15 இடங்கள், லிபரல்-நேஷனல் கூட்டணிக்கு 15, மற்ற உதிரிக் கட்சிகளுக்கு 12. தலைவர் கூட்டணியிலிருந்து வந்தவர் என்பதால் அவர்கள் பக்கம் வாக்களிக்க 14 பேர்தான். எதிர்க்கட்சி எதிர்த்தால் அரசுக்கு இன்னும் ஆறு பேர் வேண்டும். எதிர்க்கட்சி ஒன்றை நிறைவேற்ற வேண்டுமானால் ஏழு பேர். பிறகு கட்சியை விட்டு விலகியவர்களும் உண்டு, அதனால் அவ்வப்போது பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1988-க்குப் பிறகு எந்த அரசுக்கும் இங்கே தனிப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. கொறடாக்கள் நடைவழியில் தொலைபேசியும் கையுமாக அலைவதற்குக் காரணம் இதுதான்.

படி 2: நோட்டீஸ் பேப்பரை எடுங்கள்

நாடாளுமன்ற இணையதளத்தில் மேலவைப் பக்கத்தில் 'நோட்டீஸ் பேப்பர்' என்று ஒன்று இருக்கும். அன்றைய நிகழ்ச்சி நிரலும், காத்திருக்கும் வேலைகளின் முழுப் பட்டியலும் அதுவே. முதலில் பார்க்கும்போது மிரட்சியாக இருக்கும், நூற்றுக்கணக்கான வரிகள். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை அன்றைக்கு எடுக்கப்படாது.

இரண்டு பெட்டிகளாகப் பிரித்துப் படியுங்கள். ஒன்று அரசு அலுவல், மற்றது தனி உறுப்பினர் அலுவல். அமைச்சர் அல்லாத யாரும் தனி உறுப்பினர்தான், ஆளுங்கட்சிக்காரராக இருந்தாலும். ஒரு வரி இப்படி இருக்கும்: இன்ன மசோதா, இரண்டாம் முறை வாசிக்கப்பட வேண்டும் என்ற தீர்மானத்தின் மீது ஒத்திவைக்கப்பட்ட விவாதம் தொடர்கிறது, இன்னார் பேசிக்கொண்டிருக்கிறார், அடைப்புக்குறிக்குள் மீதி 15 நிமிடம். இந்த அடைப்புக்குறிதான் எனக்குப் பிடித்த இடம். போன வாரம் பாதியில் நிறுத்திய மனிதர், இன்றைக்கு எழுந்து அந்த வாக்கியத்தின் மறுபாதியில் இருந்து தொடர்வார்.

படி 3: முதல் அரை மணியைத் தவறவிடாதீர்கள்

அவை பெரும்பாலும் செவ்வாய், புதன், வியாழனில் கூடும். கறுப்புக் கோல் ஏந்திய அதிகாரி முன்னே வர, தலைவர் வந்து அமர்வார். குறைவெண், அதாவது அவை நடக்கக் குறைந்தது இருக்க வேண்டியவர்கள், தலைவரைத் தவிர எட்டுப் பேர். பிரார்த்தனை வாசிக்கப்படும்; அந்த நிலத்தின் மூத்த குடிகளான கடிகல் மக்களுக்கு மரியாதை சொல்லப்படும். சுற்றிலும் சிவப்பு இருக்கைகள். கீழவையான சட்டப் பேரவையில் பச்சை. நேரலையில் எந்த அவையைத் திறந்திருக்கிறோம் என்ற குழப்பம் வந்தால் நிறத்தைப் பாருங்கள். அந்தச் சிவப்பு அறையே இரும்பால் செய்து கொண்டுவந்து பூட்டிய கட்டடம். விக்டோரியாவின் தங்க வயல் ஊரான பெண்டிகோவில் தேவாலயமாக நிற்க வேண்டியது, 1856-ல் இங்கே அவையாகிவிட்டது.

அதன்பிறகு தாள்கள் மேசையில் வைக்கப்படும், மனுக்கள் வரும், உறுப்பினர்கள் எழுந்து "அடுத்த அமர்வு நாளில் இதை முன்மொழிவேன்" என்று அறிவிப்புக் கொடுப்பார்கள். விவாதமில்லாமல் நிறைவேறும் முறைசார் தீர்மானங்களும் இந்த நேரத்தில்தான். தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். ஒரே ஒருவர் உண்டு என்றால் போதும், அந்தத் தீர்மானம் வரிசையின் வாலுக்குப் போய்விடும். யார் எதற்கு ஆட்சேபம் சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்சிகளின் உண்மையான மனநிலை மேடைப் பேச்சைவிட இங்கே தெளிவாகத் தெரியும்.

படி 4: கேள்வி நேரம்

குறித்த நேரம் வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு இதற்குத் தாவுவார்கள். வேடிக்கைக்குப் பாருங்கள். செய்தி வேண்டுமென்றால், முடிந்தபின் "பதில்களைக் கவனத்தில் கொள்கிறோம்" என்ற பெயரில் நடக்கும் குட்டி விவாதத்தைக் கேளுங்கள்.

படி 5: ஒரு மசோதாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எல்லா மசோதாவையும் துரத்தாதீர்கள். உங்களுக்கு அக்கறையுள்ள ஒன்று போதும். முதல் வாசிப்பில் தலைப்பை மட்டும்தான் படிப்பார்கள், பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். இரண்டாம் வாசிப்பில் கொள்கை பற்றிய பேச்சு; மேலவையில் பிறந்த மசோதா என்றால் அறிமுக உரைக்குப் பிறகு ஐந்து நாள் இடைவெளி விடுவது வழக்கம், மற்றவர்கள் படித்துப் பார்க்க. வரியும் செலவும் தொடர்பான மசோதாக்கள் மட்டும் கீழவையில்தான் பிறக்க வேண்டும்.

உண்மையான சமையல் நடப்பது அடுத்த கட்டமான முழு அவைக் குழுவில். தலைவர் ஆசனத்தை விட்டு இறங்குவார்; குழுத் தலைவர் கீழே மேசையருகே அமர்ந்து நடத்துவார். அதே உறுப்பினர்கள், அதே அறை. ஆனால் ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். "இந்தப் பிரிவில் 'செய்யலாம்' என்பதற்குப் பதில் 'செய்ய வேண்டும்' என்று போடுங்கள்" என்பது போன்ற திருத்தங்கள் எண்ணிட்ட தாள்களில் சுற்றில் வரும். அமைச்சர் தன் ஆலோசகர்கள் பக்கம் சாய்ந்து காதில் வாங்கிக்கொண்டு பதில் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மணி நேரம் போவதும் உண்டு. திருத்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மட்டுமே புரியும். இல்லாவிட்டால் நான் முதல் நாள் கேட்ட சத்தம்தான்.

மூன்றாம் வாசிப்பு முடிந்தால் மேலவை வேலை முடிந்தது. திருத்தினால் கீழவைக்குத் திரும்பிப் போகும். இந்தியாவில் உள்ள மாநில மேலவைகள் கீழவையின் சட்டத்தைச் சில மாதம் தாமதிக்கத்தான் முடியும். இந்த அவை சாதாரண மசோதாவை நிராகரித்தே விடலாம். இரு அவைகளும் கடைசிவரை ஒத்துப்போகாவிட்டால் மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போகும் வழி அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 1961-ல் அப்படிப் போன கேள்வி, மேலவையையே ஒழித்துவிடலாமா என்பது. மக்கள் வேண்டாம் என்றார்கள். தமிழ்நாடு 1986-லும், குயின்ஸ்லாந்து 1922-லும் தங்கள் மேலவைகளுக்கு விடைகொடுத்துவிட்டன.

படி 6: மணி அடித்தால் பையை எடுக்காதீர்கள்

ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க என்ற நம் ஊர்ச் சட்டமன்ற வாசகத்தின் அதே முறைதான். குரல் வாக்கெடுப்பில் தலைவர் சொன்ன முடிவை எதிர்த்தரப்பு ஏற்காவிட்டால் எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு. ஐந்து நிமிடம் மணி அடிக்கும். எங்கிருந்தாலும் ஓடி வர வேண்டும். கதவைப் பூட்டியபின் ஏற்போர் தலைவருக்கு வலப்புறமும் மறுப்போர் இடப்புறமும் அமர, பெயர் பெயராகக் குறிப்பார்கள். பட்டியலின் கீழே 'ஜோடி' என்று இரண்டிரண்டு பெயர்கள் இருந்தால் குழம்ப வேண்டாம்: ஒரு பக்கத்தில் ஒருவர் வர முடியாவிட்டால் மறுபக்கத்தில் ஒருவர் வாக்களிக்காமல் இருந்து சமன்செய்யும் நாகரிகம் அது.

படி 7: 'ஆவணங்களைத் தா' என்ற தீர்மானங்களைத் தேடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த அவையைக் கவனிக்க ஒரே ஒரு காரணம் போதும், அது இதுதான். அவையின் நிரந்தர நடைமுறை விதிகளில் ஒன்றான நிலையாணை 52-ன்படி, அரசிடம் இருக்கும் ஆவணங்களை இத்தனை நாளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று மேலவை தீர்மானம் போடலாம். எண்ணிக்கை 21 சேர்ந்துவிட்டால் அரசு விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பெட்டி பெட்டியாக மின்னஞ்சல்களும் அறிக்கைகளும் அவைச் செயலாளர் அலுவலகத்துக்கு வந்து சேரும்.

இது சும்மா கிடைத்த உரிமை இல்லை. 1996 மே 2 அன்று, ஆவணங்களைத் தர மறுத்த மைக்கேல் ஈகனை அவை இடைநீக்கம் செய்தது. அவர் மாநில நிதி அமைச்சர். மேலவையில் அரசுத் தரப்பின் தலைவரும் அவரே. கறுப்புக் கோல் அதிகாரி அவரை அவையிலிருந்து வெளியே அழைத்துப்போய், மெக்வாரி தெரு நடைபாதை வரை கொண்டுபோய் விட்டார். ஈகன் நீதிமன்றம் போனார். அவையை விட்டு வெளியேற்றியது சரி, நடைபாதை வரை கொண்டுபோனது எல்லை மீறல் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆவணம் கேட்கும் அதிகாரம் மேலவைக்கு உண்டு என்பதை 1998-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்கறிஞர் ஆலோசனை போன்ற, வெளியிடாமல் காக்கும் சிறப்புரிமை உள்ள தாள்களையும் கேட்கலாம், அமைச்சரவையின் கலந்தாலோசனையை வெளிப்படுத்தும் தாள்களைக் கேட்க முடியாது என்று 1999-ல் இன்னொரு தீர்ப்பு.

நடைமுறையில் நீங்கள் பின்தொடர வேண்டிய வரிசை இது. தீர்மானம் நிறைவேறிய தேதி, கெடு தேதி, ஆவணம் வந்ததாக அவையில் சொல்லப்படும் நாள். சில தாள்களுக்கு அரசு இந்தச் சிறப்புரிமையைக் கோரும்; அவற்றை உறுப்பினர்கள் மட்டும் பார்க்கலாம். ஓர் உறுப்பினர் அதை எழுத்தில் மறுத்தால், ஓய்வுபெற்ற நீதிபதியோ மூத்த வழக்கறிஞரோ நடுவராக இருந்து அந்தக் கோரிக்கை நியாயமா என்று அறிக்கை தருவார். அதன்பின் அவை முடிவெடுத்தால் தாள்கள் பொதுவெளிக்கு வரும். நாளிதழில் "அரசு ஆவணங்கள் காட்டுகின்றன" என்று தொடங்கும் சிட்னிச் செய்திகளில் பலவற்றின் பிறப்பிடம் இந்தப் பெட்டிகள்தான்.

படி 8: ஒத்திவைப்பும் மறுநாள் காலையும்

நாள் முடிவில் "அவை இப்போது ஒத்திவைக்கப்படுகிறது" என்ற தீர்மானத்தின் மீதே அரை மணி விவாதம் நடக்கும். ஆளுக்கு ஐந்து நிமிடம், எதைப் பற்றி வேண்டுமானாலும். ஆளில்லாத அவையில் ஒருவர் தன் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தைப் பற்றி உருகிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், நல்ல பேச்சு.

மறுநாள் இரண்டு பதிவுகள் இணையத்தில் கிடைக்கும். பேசியது முழுக்க ஹான்சார்டில் இருக்கும்; முடிவானது மட்டும் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். குறிப்பை முதலில் படியுங்கள், சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் ஹான்சார்டைத் திறங்கள். பிறகு நேற்றைய நோட்டீஸ் பேப்பரையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வரி காணாமல் போயிருக்கிறது, எது கீழே தள்ளப்பட்டிருக்கிறது, யாருடைய 15 நிமிடம் 4 நிமிடமாகியிருக்கிறது.