பழைய சிந்தசைசருக்குச் சேம்பர் இசை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலின், வயோலா, செலோ, கிளாரினெட் ஆகியவற்றோடு 1970களின் சிந்தசைசரைச் சேர்க்கும்போது நேரும் பெரிய தவறு, அதை ஒரு வாத்தியமாகவே கருதாமல், மற்றவர்களுக்கு அடியில் விரித்துவைக்கும் கம்பளமாக்கிவிடுவதுதான். மேலொலிகளை வடிகட்டும் ஃபில்டர் முழுவதும் திறந்த நிலையில் நான்கு ஸ்வரங்களை நீண்ட கார்வையாகப் பிடித்தால், சிந்தசைசரின் ரம்பப்பல் வடிவ அலையின் செறிந்த மேலொலிகள் (அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர் அதிர்வுகள்) வயோலாவை அப்படியே விழுங்கிவிடும். வில் கம்பியைத் தொடும் உரசலும், ஸ்வரம் தேய்ந்து அடங்கும் நேர்த்தியும் காதுக்கு எட்டா. சிலரே சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசையின் உயிரே அந்த நுட்பங்களில்தான் இருக்கிறது. ஆகவே சிந்தசைசருக்கும் தொடக்கமும் முடிவும் உள்ள சொற்றொடர்களை எழுதுங்கள். மௌனத்தையும் தாராளமாகக் கொடுங்கள்.

ஒலி ஒன்றிப்போக வேண்டும் என்று எண்ணி, ஒத்த ஒலிநிறமுள்ள இரண்டு வாத்தியங்களை ஒரே ஸ்வரத்தில் தொடர்ந்து ஒலிக்கவிடுவதும் தவறே. சிந்தசைசரின் சதுர அலையில் ஒற்றைப்படை மேலொலிகள் மட்டுமே உண்டு. கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியிலும் அவையே மேலோங்கி நிற்கின்றன. இரண்டையும் வெறுமனே இணைத்தால், அசையாத மின்னொலி கலைஞரின் மூச்சை மறைத்துவிடும். மாறாக, கிளாரினெட் தொடங்கிய ஸ்வரத்துக்குள் சதுர அலை மெதுவாக நுழைந்து, கலைஞர் மூச்சை விட்டபின் அது மட்டும் தொடர்ந்தால், கைமாறிய கணத்தைக் கேட்பவரால் பிரித்தறிய இயலாது. இந்தச் சேர்க்கையின் பேரழகு இதுதான் என்பேன்.

சுருதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடாது. மினிமூக் போன்ற சிந்தசைசர்களில் ஒலியை உருவாக்கும் ஆஸிலேட்டர்கள் வெப்பநிலைக்கு ஏற்ப நகர்வதால், அவை சூடாக நேரம் கொடுத்த பிறகே சுருதி சேர்க்க வேண்டும். அதற்குப் பின்னும் ஒரு சிக்கல் உண்டு: தந்திக் கலைஞர்கள் இயல்பாகத் தேடும் தூய அந்தர காந்தாரம், ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்குகளாகப் பிரிக்கும் கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அந்தப் பங்கில் நூறில் ஒன்று) தாழ்ந்தது. ஆகவே நீண்ட காந்தாரத்தைத் தந்திகளிடம் விட்டு, சிந்தசைசருக்கு ஷட்ஜ பஞ்சமத்தைக் கொடுப்பது நல்லது. பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட் மட்டுமே.

கருவியின் வரம்பை அறியாமல் எழுதுவோரும் பலர். 1970இல் வந்த மினிமூக் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தையே ஒலிக்கும். இரண்டு கட்டைகளை அழுத்தினால் கீழ் ஸ்வரமே கேட்கும் என்பதால், கீழ்க்கட்டையிலிருந்து விரல் எடுக்கத் தாமதித்தால் ஏறுமுக வரிசை சிதைந்துவிடும். 1978இன் ப்ராஃபெட்-5 சிந்தசைசர் ஒரே நேரத்தில் ஐந்து ஸ்வரங்களைத் தாங்கும். இவ்விரண்டின் கட்டைகளும் அழுத்தும் விசையை உணர்வதில்லை. ஸ்கோரில் (இசைக்குறிப்புத் தாளில்) மென்மையிலிருந்து உரத்த ஒலிக்கு ஏறும்படி குறித்தால், அது விரலால் வராது. ஃபில்டர் குமிழைத் திருப்ப ஒரு கையையாவது ஓய்வாக விட்டு எழுத வேண்டும். மினிமூக்கில் ஒலியமைப்பைச் சேமிக்கும் நினைவகம் இல்லை. அடுத்த ஒலிக்கு மாறக் கலைஞருக்கு நேரம் வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இறுதியாக, அரங்கின் இருபுறமும் உள்ள பெரிய ஸ்பீக்கர்களுக்குச் சிந்தசைசரை அனுப்பினால், அதன் ஒலி குழுவிலிருந்து பிரிந்து வேறெங்கிருந்தோ வரும். வாசிப்பவரின் அருகிலேயே ஒரு சிறிய ஸ்பீக்கரை வைத்து, ஒலியளவைச் செலோவுக்கு இணையாக அமைக்கும்படி ஸ்கோரின் முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.