கவுன்சில் மானியம் வெட்டப்படும்போது சிறு அமைப்புகள் செய்யக்கூடாத தவறுகள்

பிப்ரவரி கடைசியில் உங்கள் பகுதியின் உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வரும். ஏப்ரல் முதல் உங்கள் மானியம் பாதியாகக் குறைகிறது, அல்லது நின்றே போகிறது என்று இருக்கும். அன்று இரவே கமிட்டி அவசரமாகக் கூடும். லண்டனில் ஒரு சிறிய தமிழ் முதியோர் குழுவுக்குப் பொருளாளராக இருந்தபோது அப்படி ஒரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அன்று பேசிய எதையும் மூன்று மாதம் முன்பே பேசியிருக்கலாம். இங்கிலாந்தில் சின்ன அமைப்புகளை நடத்துகிறவர்களுக்காக, நாங்கள் செய்த தவறுகளையும் அப்புறம் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கடிதத்துக்காகக் காத்திருப்பது

கவுன்சில்கள் மார்ச் 11-ஆம் தேதிக்குள் கவுன்சில் வரியை முடிவு செய்தாக வேண்டும். அதனால் எதை வெட்டலாம் என்ற யோசனைகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரிலேயே கூட்ட ஆவணங்களில் வந்துவிடும். அவை கவுன்சிலின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கும். கமிட்டியில் ஒருவருக்கு அதைப் படிக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

“இத்தனை வருஷமாகத் தந்தவர்கள் இப்போது நிறுத்திவிடுவார்களா?” என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நிறுத்துவார்கள். 2010 அக்டோபர் 20 அன்று அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் செலவுக் குறைப்புத் திட்டத்தை அறிவித்தார். 2010-11க்கும் 2017-18க்கும் இடையே இங்கிலாந்தின் கவுன்சில்களுக்கு மத்திய அரசு தந்த நிதி, விலைவாசியையும் சேர்த்துக் கணக்கிட்டால், 49.1 சதவீதம் குறைந்தது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. 2018-இல் நார்தாம்ப்டன்ஷயர், 2020-இல் கிராய்டன், 2023-இல் பர்மிங்ஹாம் என்று பெரிய கவுன்சில்களே பட்ஜெட்டைச் சமாளிக்க முடியாமல், புதிய செலவுகளை நிறுத்தி வைக்கும் 114-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்தன. முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் கவுன்சிலின் சட்டக் கடமைகள். நமக்குத் தரும் மானியம் அப்படி இல்லை. அதனால்தான் அது முதலில் போகிறது.

வங்கியில் இருப்பதெல்லாம் நம் பணம் என்று நினைப்பது

என் பார்வையில் மிக ஆபத்தான தவறு இதுதான். ஓர் உதாரணம் பார்ப்போம். வங்கியில் 40,000 பவுண்ட் இருக்கிறது. அதில் 22,000 இளைஞர் திட்டத்துக்கென்றே ஒரு நிதியம் தந்தது. இன்னொரு 6,000 ஆங்கில வகுப்புக்கென்று வந்தது. மீதி 12,000. இனி மூடும் நிலை வந்தால் ஆகும் செலவைக் கழியுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்த ஊழியருக்கு ஆட்குறைப்புத் தொகையும் நோட்டீஸ் காலச் சம்பளமுமாக 5,000. வாடகை ஒப்பந்தம் முடியும் வரை மண்டபத்துக்கு 4,000. கையில் நிற்பது 3,000 பவுண்ட். நாற்பதாயிரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த கமிட்டியின் உண்மையான பலம் அவ்வளவுதான்.

அந்த 22,000-இலிருந்து இந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் திருப்பி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுங்கள். ஒரு காரியத்துக்கென்று வந்த பணத்தை இன்னொன்றில் செலவழிப்பது நம்பிக்கை மீறல். டிரஸ்டிகள் சொந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கட்ட நேரலாம். அமைப்பு பதிவு செய்யாத வெறும் சங்கமாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் மண்டப ஒப்பந்தமும் ஊழியர் ஒப்பந்தமும் கமிட்டி உறுப்பினர்களின் தலையில்தான் நிற்கும். நல்லெண்ணத்தோடு கையெழுத்துப் போட்ட ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் சேமிப்பை எண்ணிப் பயப்படும் நிலை வரக்கூடாது. அமைப்பின் பெயரிலேயே ஒப்பந்தம் போட வழி தரும், சேரிட்டி கமிஷனில் பதிவாகும் சிஐஓ (Charitable Incorporated Organisation) என்ற அமைப்பு முறை இதற்காகவே பல வருடங்களாக இருக்கிறது. அதற்கு மாறுவதை நெருக்கடிக்கு முன்பே செய்யுங்கள்.

கையிருப்பு இல்லாமல் ஓடுவது எவ்வளவு பெரிய அமைப்பையும் பலவீனமாக்கிவிடும். கிட்ஸ் கம்பெனி என்ற குழந்தைகள் நல அமைப்பு வருடக்கணக்காக அரசிடமிருந்து கோடிக்கணக்கான பவுண்ட் பெற்றது. 2015 ஆகஸ்டில் திடீரென்று மூடியது. அப்போது எழுந்த ஒரு குற்றச்சாட்டால் நன்கொடை வரத்து நின்றது. பின்னர் போலீஸ் விசாரணையில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. டிரஸ்டிகளைத் தகுதி நீக்க வேண்டும் என்ற வழக்கையும் 2021-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் அந்த அடியைச் சில மாதங்கள் தாங்குவதற்குக் கையிருப்பு இருக்கவில்லை. அதை நம்பியிருந்த பிள்ளைகள் ஒரே வாரத்தில் அநாதரவாக நின்றார்கள்.

வாய்மூடி இருப்பது

நம்மவர்கள் இதில் அதிகமாகத் தவறுகிறோம். எதிர்த்துப் பேசினால் கிடைக்கிற கொஞ்சமும் போய்விடும் என்று பயம். கருத்துக்கேட்பு அறிவிப்பு வரும், யாரும் பதில் எழுத மாட்டோம். அப்புறம் “எதிர்ப்பு எதுவும் வரவில்லை” என்று அறிக்கையில் எழுதி வெட்டிவிடுவார்கள்.

2008-இல் ஈலிங் கவுன்சில், குடும்ப வன்முறைக்கு ஆளான சிறுபான்மைப் பெண்களுக்கு உதவும் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பின் நிதியை நிறுத்தப் பார்த்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே சேவை போதும் என்பது கவுன்சிலின் வாதம். அமைப்பின் உதவியைப் பெற்றுவந்த பெண்கள் நீதிமன்றம் போனார்கள். இனச் சமத்துவத்தில் அந்த முடிவு என்ன பாதிப்பை ஏற்படுத்தும் என்று முன்கூட்டியே முறையாக ஆராயவில்லை என்பது அங்கே வெளிப்பட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கவுன்சில் தன் முடிவைக் கைவிட்டது. 2011 ஜனவரியில், லண்டன் கவுன்சில்கள் சேர்ந்து நடத்திய மானியத் திட்டத்தின் வெட்டும் இதே காரணத்தால் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மறுபடியும் ஆராய வேண்டியதாயிற்று.

வெட்டவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. யாரைப் பாதிக்கும் என்று பார்த்துவிட்டு முடிவெடு என்கிறது. 2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு இன்றும் அந்தக் கடமையைக் கவுன்சிலின் மேல் வைத்திருக்கிறது. அவர்கள் பார்ப்பதற்கு நாம்தான் விவரம் தர வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1 லட்சம் பேர் தமிழைத் தங்கள் முதன்மை மொழி என்று பதிந்தார்கள். அது பொது எண்ணிக்கை. உங்கள் பகுதியில் எத்தனை பேர், அவர்களில் ஆங்கிலம் பேச முடியாத முதியவர்கள் எத்தனை பேர், ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்துக்காட்ட வாரம் எத்தனை பேர் உங்களிடம் வருகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? நாங்கள் வைத்திருக்கவில்லை. “நிறையப் பேர் வருவார்கள்” என்று மட்டும் சொல்ல முடிந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாலே போதும்.

நிதியைக் குறைக்குமுன் மூன்று மாத அவகாசம் தர வேண்டும் என்று கவுன்சில்களுக்கு 2011-இலேயே அரசு வழிகாட்டுதல் தந்தது. ஆறு வார அவகாசத்தோடு கடிதம் வந்தால் அதைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். நீதிமன்றத்தில் சவால் விடுவதற்கும் காலக்கெடு உண்டு. தாமதிக்காமல், அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும்.

பணம் வருகிற பக்கமெல்லாம் ஓடுவது

மானியம் போன பதற்றத்தில் கண்ணில் பட்ட விண்ணப்பத்தையெல்லாம் நிரப்புவோம். முதியோர் குழு திடீரென்று சைக்கிள் பயிற்சிக்கு மனுப் போடும். கிடைத்தால் இன்னும் சிக்கல், செய்யத் தெரியாத வேலைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதேபோல வாடகை, மின்சாரம், கணக்காளர் செலவைச் சேர்க்காமல் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுக்காதீர்கள்.

வீட்டு வாசலில் கிடக்கும் பணத்தை முதலில் எடுங்கள். வரி கட்டுகிற ஒருவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கிஃப்ட் எய்ட் என்ற அரசின் வரித் திட்டம் வழியாக 25 பென்ஸ் கிடைக்கும், நான்கு வருடம் பின்னால் போயும் கேட்கலாம். உண்டியலில் விழும் 30 பவுண்டுக்கு உட்பட்ட நன்கொடைகளுக்கும் தனித் திட்டம் இருக்கிறது. அதில் வருடத்துக்கு 8,000 பவுண்ட் வரை காட்டி 2,000 பவுண்ட் பெறலாம்.

மூடுவதைப் பற்றிப் பேசவே மறுப்பது

சில அமைப்புகள் மூடத்தான் வேண்டியிருக்கும். அதைச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாத நாளில் முடிவு செய்தால் வருகிறவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். ஆறு மாதச் செலவு கையில் இருக்கும்போதே பக்கத்து அமைப்போடு இணைவதைப் பேசுங்கள், ஊழியர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

எங்கள் குழுவில் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வதை நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். கடைசி வாரத்தில்தான் சொன்னோம். ஒரு அம்மா, “முதலே சொல்லியிருந்தால் அந்தச் சமையலை நாங்களே மாறி மாறிச் செய்திருப்போமே, தம்பி” என்றார். ஆனால் மண்டபத்தின் சாவியை அதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தோம்.